மூக்கும் சோப்புத் தண்ணீரும்: கேஸ் மாருதி 800-ஓடு மூன்று வருடம்

காலை ஐந்தரை மணிக்கு ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் மூக்கில் அடித்தது. அடுப்பை அணைக்க மறந்தால் வருமே, அதே வாடை. பழக்கத்தில் வலது கை சுவரிலிருந்த டியூப்லைட் சுவிட்சுக்குப் போய்விட்டது. விரல் சுவிட்சைத் தொடுவதற்குள் எப்படியோ நிறுத்திக்கொண்டேன். மூன்று வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலைகளில் அதுதான் முதல் என்று சொல்வேன்.

கார் அப்பாவுடையது. 2005 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ எஞ்சின். ஓய்வு பெற்ற பிறகு பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கோயம்புத்தூரில் எல்பிஜி கிட் போட்டுக்கொண்டார். டிக்கியில் உருளை டேங்க், பின் பம்பருக்குக் கீழே கேஸ் ஏற்றும் வாய், டேஷ்போர்டில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாற்ற ஒரு சுவிட்ச். ஆர்சி புத்தகத்திலும் எரிபொருள் என்ற இடத்தில் இரண்டையும் ஏற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த விஷயத்தில் அப்பா ஒழுங்கு. கார் என் கைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருப்புவது மட்டும்தான்.

அன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதில் கலந்திருக்கும் புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் மேலே போகாது, தரையோடு படுத்துக்கொள்ளும். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டால் வாசல் வழியாகத் தரையோடு வழிந்து வெளியேறத் தொடங்கும். ஃபேன் போடக் கூடாது, லைட் போடக் கூடாது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் கூடாது. எந்த சுவிட்சைத் தட்டினாலும் உள்ளே ஒரு பொறி உண்டு. செல்போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பீடியோடு வந்தார். "அண்ணே, மொதல்ல அதத் தூரமா போட்டு மிதிச்சுட்டு வாங்க" என்றேன். இரண்டு பேரும் காரைக் கையால் தள்ளித் தெருவுக்குக் கொண்டுவந்து, நான்கு கதவும் டிக்கியும் திறந்து அரை மணி நேரம் விட்டோம்.

டிக்கி டேங்க் உள்ள வண்டிகளில் வால்வுகளை மூடி ஒரு பெட்டி இருக்கும். அதன் மூடியில் ரப்பர் வாஷர், அடியில் காருக்கு வெளியே திறக்கும் குழாய்கள். வால்வில் கசிந்தாலும் கேஸ் காருக்குள் வராமல் தெருவுக்குப் போகட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. என் காரில் அந்த வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அதாவது கோளாறு ஒன்றல்ல, இரண்டு. கசிவு ஒன்று, அந்தக் கசிவைக் காருக்குள் விட்ட வாஷர் இன்னொன்று.

பெட்டி மூடியைக் கழற்றிவிட்டு, குளிக்கிற சோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். எங்கள் கிட் பழையது. டேங்க் வாயில் மின்சார வால்வு கிடையாது, கையால் திருகும் வால்வுதான். அதைத் திறந்தே வைத்திருந்தால், வண்டி நின்றிருக்கும்போதும் முன்னால் எஞ்சின் பக்கம் கேஸை நிறுத்தும் லாக்-ஆஃப் வால்வு வரை பைப்பில் திரவம் அழுத்தத்தோடு நிற்கும். ஆறு மில்லிமீட்டர் செம்புப் பைப், டேங்கின் வால்வுகள் எல்லாம் ஒன்றாக இருக்கும் மல்டிவால்வில் சேரும் நட்டில், பாசிமணி அளவுக்குக் குமிழ் குமிழாகக் கிளம்பியது. கைவால்வை மூடினேன். சில நிமிடத்தில் குமிழ் குறைந்து நின்றுபோனது. ஆக, கசிவு வால்வுக்கு அப்பால்தான்; டேங்க் பத்திரம்.

ஸ்பேனர் கையில் இருந்தது. ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாமா என்று ஆசை. இறுக்கவில்லை. பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு கேஸ் ஃபிட்டரிடம் போனேன். அவர் நட்டைக் கழற்றி உள்ளே இருந்த பித்தளை வளையத்தைக் காட்டினார். முடி அளவுக்கு ஒரு விரிசல். "இதை நீங்க முறுக்கியிருந்தா ரெண்டாப் பொளந்திருக்குமுங்க" என்றார். வளையம், நட்டு, பெட்டி வாஷர் மூன்றும் புதிது. பைப் முனையையும் வெட்டி மறுபடி பொருத்தினார். பிறகு மின்னணு மோப்பக் கருவியை ஒவ்வொரு மூட்டிலும் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவரும் சோப்புத் தண்ணீர் தடவித்தான் முடித்தார்.

அன்று எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பார்ப்பது, முகர்வது, சோப்புத் தடவுவது, கைவால்வை மூடுவது, பிளக், ஏர் ஃபில்டர், கூலன்ட், ஆயில் எல்லாம் என் பக்கம். டேங்கிலிருந்து, கேஸை ஆவியாக்கும் வேப்பரைசர் வரை அழுத்தத்தில் இருக்கும் எந்த நட்டும் ஃபிட்டர் பக்கம். இந்தக் கோட்டை இன்றுவரை தாண்டவில்லை.

கேஸ் ஏற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கள் பக்கம் ஆட்டோக்கள்தான் அதிகம், வரிசை நீளம், எல்லாருக்கும் அவசரம். பங்கில் நான் செய்வது இதுதான். வரிசையில் முறை வந்ததும் எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்து, எல்லாரையும் இறக்கிவிடுவேன். குழந்தை தூங்குகிறது, மழை தூறுகிறது, ஐந்து நிமிடம்தானே என்றெல்லாம் பார்ப்பதில்லை. வாயின் பிளாஸ்டிக் மூடியை நானே கழற்றி உள்ளே மண் இருக்கிறதா என்று பார்ப்பேன். பம்பருக்குக் கீழே இருக்கும் வாய் மழைக்காலத்தில் சேறு தின்னும். அந்தச் சேறு நாசிலின் அழுத்தத்தில் உள்ளே போய் ஒருவழி வால்வில் உட்கார்ந்தால், நாசிலைக் கழற்றிய பிறகும் கேஸ் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மூடி காணாமல் போனால் அன்றைக்கே வேறு வாங்கிப் போட்டுவிடுங்கள். அது அழகுக்காக இருப்பதல்ல.

நாசிலைப் பொருத்தும்போது உள்ளே ரப்பர் வளையம் முழுதாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. நாசில் பூட்டிய பிறகு சீறல் வந்தால் "நிறுத்துங்க, மறுபடி மாட்டுங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஏற்றி முடித்துக் கழற்றும்போது மட்டும் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வெண்புகை மாதிரி வரும். நாசிலுக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கொஞ்சம் திரவம் ஆவியாவது அது, ஒரு நொடியில் நின்றுவிடும். நிற்காமல் சீறினால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி நின்றுகொள்ள வேண்டும். மற்றதைப் பங்க் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் புகையில் கை வைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். புரொப்பேன் கொதிப்பதே பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியில். தோலில் பட்டால் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளிக்கும். பங்க் பையன்கள் கையுறை போடுவது அதனால்தான். போடாத பையன்களும் உண்டு.

இனி எண்பது விழுக்காடு கதை. என் டேங்கில் பொறித்திருக்கும் கொள்ளளவு 35 லிட்டர். தண்ணீர் ஊற்றினால் 35 பிடிக்கும் என்று அர்த்தம். கேஸ் 28 லிட்டருக்கு மேல் ஏறக் கூடாது. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்குமே, அதே வேலை. திரவ எல்பிஜி சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். ஏப்ரல் வெயிலில் பூட்டி நிறுத்திய டிக்கி எவ்வளவு கொதிக்கும் என்று தெரியும் அல்லவா? விரிய இடம் இல்லையென்றால் அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸைக் கக்கும். மீதி இருபது விழுக்காடு அந்த விரிவுக்காகக் காலியாக விட்ட இடம்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு மத்தியானம், கேஸ் சுத்தமாகத் தீர்ந்து பெட்ரோலில் பங்குக்குப் போனேன். மீட்டர் 28-ஐத் தொட்டது. நிற்கவில்லை. 29, 30. "நல்லா ஏறுதுங்க சார்" என்று பையனுக்குச் சந்தோஷம். நான் கத்திய பிறகு 31-இல் நிறுத்தினான். 35-க்கு 31 என்றால் எண்பத்தெட்டு விழுக்காட்டுக்கும் மேல். மிதவை அடைக்கவில்லை; ஆனால் தப்பு என்னுடையதும்தான். 28 தாண்டியதுமே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த நிலையில் செய்யவே கூடாத இரண்டு உண்டு. வால்வைத் தளர்த்தி வெளியே விடுவது ஒன்று. வீட்டுக்குப் போய் வெயிலில் நிறுத்தி, நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்குவது இன்னொன்று. கேஸைக் குறைக்க நல்ல வழி ஓட்டித் தீர்ப்பதுதான். என் வண்டி கேஸில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல ஓடும். மூன்று லிட்டர் குறைய 45 கிலோமீட்டர். அப்படியே பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்தேன். பொள்ளாச்சியில் நிழல் பார்த்து நிறுத்தி ஒரு டீ, திரும்பி நேராக ஃபிட்டர் கடை. போகவர எண்பது கிலோமீட்டர். வாழ்நாளில் நான் குடித்த விலை உயர்ந்த டீ அதுதான்.

மிதவைக் கம்பி பிசின் பிடித்து ஒட்டியிருந்தது. மீதிக் கேஸை ஓட்டியே தீர்த்த பிறகுதான் ஃபிட்டர் மல்டிவால்வைத் தொட்டார். சுத்தம் செய்து மறுபடி போடலாமா என்று கேட்டேன். "மிதவைய நம்பித்தானுங்க டேங்கே நிக்குது. ஒருக்கா ஏமாத்துனத மறுக்கா நம்பலாமுங்களா?" என்றார். புதிது போட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் எத்தனை லிட்டர் ஏறியது என்று டைரியில் எழுதுகிறேன். மைலேஜுக்காக அல்ல, மிதவையைக் கண்காணிக்க.

பராமரிப்பில் என் கைக்குள் இருப்பவற்றில் அதிகம் கற்றுக்கொடுத்தது வேப்பரைசர். டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்கி அழுத்தத்தைக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும் டப்பா. ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை ரேடியேட்டர் தண்ணீரிலிருந்துதான் எடுக்கிறது. ஒரு மே மாதம் கார் கேஸில் ஓடும்போது திக்கித் திக்கி நின்றது. பெட்ரோலில் போட்டால் ஒழுங்காக ஓடியது. பானட்டைத் தூக்கினால் வேப்பரைசர் மேல் வெள்ளை வெளேரென்று பனி! நகத்தால் சுரண்டினால் ஐஸ் உதிர்கிறது. வெளியே அடிக்கிற வெயிலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் சாதாரணம். ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் குறைந்திருந்தது. வேப்பரைசர் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் அதில் காற்று அடைத்துக்கொண்டு சுடுதண்ணீர் வரவில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கூலன்ட் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்று வெளியேறிய பிறகு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி சுட்டன. கிளிப் புதிது. மொத்தச் செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான். டெம்பரேச்சர் முள் ஏறுவதற்கு முன்னாலேயே கூலன்ட் குறைவதை இந்தப் பனி சொல்லிவிட்டது என்பது தனி லாபம். ஆகவே காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகுதான் கேஸுக்கு மாற்றுகிறேன். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்ரோல் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கி இருக்கிறது, அதைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்கைக் காயப் போட்டவர்கள் பிறகு பம்ப் மாற்றுகிறார்கள்.

வேப்பரைசரின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கேஸோடு வரும் கனமான எண்ணெய்ப் பிசுக்கு அங்கே சேரும். கேஸ் வால்வை மூடி, பைப்பில் இருப்பதை ஓட்டித் தீர்த்து, எஞ்சினை நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போது திறந்தவெளியில் அதைக் கழற்றினால் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கொஞ்சம் இறங்கும். நாற்றம் சொல்லி மாளாது. கைதுடைத்த துணியைக்கூட வீட்டுக்குள் விடவில்லை என் மனைவி. இதையும் லாக்-ஆஃப் வால்வில் உள்ள ஃபில்டரையும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபிட்டர்தான் செய்கிறார். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பேன்.

அடுத்தது வெடிச்சத்தம். மிக்ஸர் வகைக் கிட்டில் கேஸ் ஏர் ஃபில்டருக்குப் பிறகே காற்றோடு கலந்துவிடுவதால், அந்தக் குழாய் முழுக்க எரியத் தயாரான கலவை நிற்கும். பிளக் ஒருமுறை தவறினால் நெருப்பு பின்னால் திரும்பி 'டப்' என்று வெடிக்கும். உக்கடம் சிக்னலில் அப்படி வெடித்து ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப்புகள் பறந்தன. பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேஸ் கோளாறு என்று நினைத்தேன். இல்லை, ஒரு பிளக் வயரின் ரப்பர் வெடித்திருந்தது. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவை. பெட்ரோலில் சமாளிக்கும் வயர் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். பிளக்கையும் வயரையும் சர்வீஸ் புத்தகம் சொல்லும் காலத்துக்கு முன்னதாகவே மாற்றுகிறேன். ஏர் ஃபில்டரும் அப்படியே. அது அடைத்தால் கேஸ் அதிகமாக உறிஞ்சப்பட்டு மைலேஜ் விழும்.

எஞ்சின் வால்வை அமுக்கும் டாப்பெட் விஷயம் கொஞ்சம் விசித்திரம். அதற்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வேண்டும். பழைய மாருதியில் டாப்பெட் சத்தம் கேட்டால்தான் கவலைப்படுவோம். கேஸ் வண்டியில் சத்தம் குறைந்துகொண்டே வந்தால் கவலைப்பட வேண்டும். கேஸ் வறட்சியாக எரிவது. எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் கருகிவிடும். "உங்க வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடுதே" என்று என் மெக்கானிக் பாராட்டிவிட்டு, உடனே அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் எடுத்தார். இரண்டாவது சிலிண்டரில் கேஜ் நுழையவே இல்லை. ஆயிலும் இப்படித்தான் ஏமாற்றும். கேஸில் கரி சேராததால் ஐயாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் தேன் போலத் தெளிவாக இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் கணக்குப்படி மாற்றிவிட வேண்டியதுதான்.

டேங்க் பரிசோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. டேங்கைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்து, தேதி பொறித்துத் தருவார்கள். சில நாள் கார் பெட்ரோலில் ஓடும். இதில் அலுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதைவிட முக்கியமாக, டிங்கரிங் பட்டறைக்கு விடும்போது டிக்கியில் கேஸ் டேங்க் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின் பம்பர் நசுங்கியதற்காக ஒருமுறை விட்டிருந்தேன். தற்செயலாகப் போய்ப் பார்த்தால், பையன் டேங்கிலிருந்து இரண்டடி தள்ளி வெல்டிங் ராடைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டிக்கியில் கிடந்த பழைய பெட்ஷீட் டேங்கை முழுக்க மூடியிருந்தது. போட்டது நான்தான். பெட்ஷீட்டை எடுத்துக் காட்டியதும் அவன் ராடைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான்.

மாமா ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எதுக்கு மாப்ளே பங்குல நிக்கறே, வீட்டு சிலிண்டர்ல இருந்தே ஏத்திக்கலாமே" என்பார். சட்டப்படி குற்றம் என்பதை விடுங்கள். பங்கில் அளவு பார்க்க மீட்டர், நாசிலில் பூட்டு, அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் என்று இத்தனை இருந்துமே என் டேங்கில் மூன்று லிட்டர் கூட ஏறியது. வீட்டில் இவற்றில் எதுவும் இல்லை. அத்தோடு பக்கத்திலேயே சாமி விளக்கு. மாமாவிடம் அந்தப் பொள்ளாச்சி டீ கதையைச் சொன்னேன். அதன் பிறகு வண்டியில் ஏறுவதே இல்லை அவர், பஸ்ஸில்தான் போகிறார்.

இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் நம்பிய கருவி மூக்கு. போன மார்கழியில் சளி பிடித்து அது ஒரு மாதம் வேலை செய்யவில்லை. அதனால் ஒன்பது வயது மகளுக்கு வேலை கொடுத்தேன். ஞாயிறு காலை டிக்கியைத் திறந்ததும் அவள் முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம், "அப்பா, கேஸ் வாசம் வருது" என்றாள். உடனே தள்ளு, கதவைத் திற, வால்வை மூடு. சோப்புத் தண்ணீர் கரைத்து ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன். ஒரு குமிழ் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. ஃபிட்டருக்கு போன் செய்தேன், வந்து மோப்பக் கருவியைப் பிடித்தார், அதுவும் வாய் திறக்கவில்லை. "பாப்பா சொல்றது பொய்யா இருக்காதுங்க" என்று டேங்குக்குப் பின்னால் டார்ச் அடித்தவர் கையை விட்டு எதையோ வெளியே எடுத்தார். இரண்டு வாரம் முன்னால் உழவர் சந்தையில் வாங்கிய பையிலிருந்து உருண்டுபோன முட்டைக்கோஸ், பாதி அழுகியிருந்தது. கேஸில் வாடைக்காகக் கலக்கும் மெர்காப்டனுக்கும் அதே நாற்றம்தான். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல?" என்றாள்.